இருபத்திரண்டு நிமிடத் தூரம்

திருச்சியிலிருந்து மஸ்கட் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பழைய விமானத்தில் மூன்றே முக்கால் மணி நேரம். இப்போது இருபத்திரண்டு நிமிடம். இந்த இருபத்திரண்டைத்தான் கம்பெனிக்காரன் டிக்கெட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு அச்சடித்திருப்பான். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால்தான் தெரியும். உடல் நேரம், ஏழு நாள்.

அந்த ஏழு நாளைக் கண்ணால் பார்க்கிற வேலை என்னுடையது. என் பெயர் மங்கையர்க்கரசி. திருச்சி விமான நிலையத்தின் விழிப்பு ஹாலில் தலைமை நர்ஸ். விமானம் இறங்கியதும் நூற்றெண்பது படுக்கைகளும் வரிசையாக உருண்டு எங்கள் ஹாலுக்கு வந்துவிடும். காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு மஸ்கட்டில் ஏறியவன் இங்கே ஒரு வாரத் தாடியோடு கிடப்பான். நகம் வளர்ந்திருக்கும். கையில் ஏறும் மருந்தை நிறுத்தி, எழுப்பி, கஞ்சி கொடுத்து, கால் மரத்துப் போயிருந்தால் தேய்த்துவிட்டு, கைத்தாங்கலாக நடத்தி அனுப்ப வேண்டும். ஹாலின் கடைசியில் பன்னிரண்டு சவர நாற்காலிகள். தாடியோடு எவரும் வெளியே போக மாட்டார்கள். வாசலில் பிள்ளைகள் நிற்குமே.

என் தம்பி அழகேசனும் அப்படித்தான் பன்னிரண்டு வருடமாக வந்து போய்க்கொண்டிருந்தான்.

முதல் தடவை வந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. எனக்கு முப்பது. விஷயத்தைக் கேட்டதும் அவனைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அதெப்படிடா? இங்க இருபத்திரண்டு நிமிஷம், உள்ள ஏழு நாளு?"

"நேரத்தை மடிச்சு, அந்த மடிப்புக்குள்ள பிளேனை ஓட்டுறாங்களாம்க்கா. வெளிய நிக்கிறவனுக்கு நேரம் மிச்சம். மிச்சமான நேரத்தை உள்ள இருக்கிறவன் உடம்பு குடுக்கணும். தூங்கிக்கிட்டே குடுக்கலாம், வலிக்காது. டிக்கெட்டும் பழைய பிளேன் வெலையில கால்வாசிதான்" என்று சிரித்தான்.

"ஆயுசு போவுதேடா!"

"அட போக்கா. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மூஞ்சியக் காட்டிட்டுப் போன ஆளுங்களுக்கு மட்டும் ஆயுசு கூடிடுச்சா? நான் எல்லா விசேஷத்துக்கும் வந்து நிப்பேன், பாரு."

நின்றான். சொன்ன சொல் தவறவே இல்லை. மூத்தவள் பிறந்தபோது வந்தான், பெயர் வைக்க வந்தான், அவளுக்குக் காதுகுத்தும்போது மடி கொடுக்க வந்தான். என் வீட்டுக்காரர் சிவக்கொழுந்து பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்தபோது ஒரே மாதத்தில் நான்கு முறை வந்தான். அம்மாவின் கடைசி மாதத்தில் ஒன்பது முறை. பொங்கல், தீபாவளி, ஆடிப்பெருக்கு. பால்கார அம்மாளின் மகன் கல்யாணத்துக்குக்கூட வந்திருக்கிறான், சத்தியமாக. ஃபோனை எடுத்து, "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டா" என்பேன். வியாழன் சாயங்காலம் வாசலில் நிற்பான். சனிக்கிழமை போவான். மாதத்துக்கு மூன்று தடவையாவது வந்துவிடுவான்.

போக ஏழு, வர ஏழு. தினமும் இருநூறு பேரின் நகத்தைப் பார்க்கிறவள் நான். என் தம்பி உடம்பிலிருந்து என்ன போகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன். சொந்தக்காரர் படுக்கையை நாங்கள் தொடக்கூடாது என்பது ஹாலின் விதி. அதனால் அவன் எழுந்திருப்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சவரம் செய்து, மீசைக்குச் சாயம் பூசி, பவுடர் போட்டு வெளியே வருகிறவனைத்தான் பார்ப்பேன். அது எனக்கு வசதியாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முப்பத்து மூன்று வயதில் அவனுக்குப் பெண் பார்க்க ஸ்ரீரங்கம் போனோம். பெண்ணின் அப்பா இவனை உட்காரச் சொல்லிவிட்டு, "மாப்பிள்ளை பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார். ஜாதகத்தில் பிறந்த தேதி சரியாகத்தான் இருந்தது. மூஞ்சிதான் அந்தத் தேதியை விட்டு எங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. இப்போது பாஸ்போர்ட்டின்படி அவனுக்கு முப்பத்தெட்டு. உடம்புக்கு ஐம்பத்தைந்து. நாற்பத்திரண்டு வயது அக்காவை, சாயம் பூசிய தம்பி "அக்கா" என்று கூப்பிட்டால் பஸ்ஸில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி விமானத்துக்கு அவனை ஏற்றிவிட்டு ஹாலுக்குத் திரும்பினேன். எங்கள் டாக்டர் ஜைத்தூன் கையில் ஒரு தாளோடு என்னைத் தேடி வந்தார்.

"மங்கை, உங்க தம்பிக்கு வியாழக்கிழமை எழுப்பும்போது மெஷின்ல ஏதோ சரியா வரலன்னு இதயத்தைப் படம் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருந்தேன். இப்பத்தான் வந்துச்சு. அவர் எங்கே?"

"இப்பத்தான் ஏத்திவிட்டேன். என்ன டாக்டர்?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கிளம்பி ஒம்பது நிமிஷம் ஆச்சா?"

"சொல்லுங்க டாக்டர்!"

"தூங்கறதுல ஆபத்து இல்ல. எழுப்பும்போது இதயத்துக்கு ஒரு உதை விழுது பாருங்க, அதை இந்த இதயம் இனி தாங்காது. வயசானது மட்டும் இல்ல மங்கை. தொள்ளாயிரம் தடவை உதை வாங்கியிருக்கு."

அவன் அப்போது மேலே இருந்தான். எனக்கு மீதி இருந்தது பதின்மூன்று நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிடத்துக்குள் அவன் நான்கு நாள் தூங்கி முடிப்பான். பிறகு மஸ்கட்டில் யாரோ ஒரு நர்ஸ், என்னைப் போல ஒருத்தி, அவன் கையில் மருந்தை நிறுத்துவாள். அங்கே ஹாலுக்கு ஃபோன் போட்டோம், எடுக்கவில்லை. விமானம் இறங்குகிற நேரத்தில் எவளும் ஃபோன் எடுக்க மாட்டாள், நானும் எடுத்ததில்லை. மாரியம்மா, மாரியம்மா என்று சொல்லிக்கொண்டே பதினேழாம் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவனிடமிருந்து ஃபோன் வந்தது.

"என்னக்கா, பதினோரு தடவ அடிச்சிருக்க? எதையாவது விட்டுட்டு வந்துட்டனா?"

"எந்திரிச்சிட்டியாடா?"

"எந்திரிக்காம? கஞ்சி குடிச்சிட்டிருக்கேன். உப்பே இல்ல."

"சரி, குடி" என்று வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "இந்தத் தடவை அல்லா காப்பாத்தினான். இன்னொரு தடவை ஏறக் கூடாது."

"நீங்க நிறுத்தி வைக்க முடியாதா டாக்டர்?"

"கம்பெனி விதியில பாஸ்போர்ட் வயசுதான் வயசு. அறுபது வரைக்கும் ஏறலாம். அவருக்கு முப்பத்தெட்டு. எழுதிப் போடறேன். பதில் வர மூணு மாசம் ஆகும்."

"அப்ப பழைய பிளேன்ல..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தடத்தில் பழைய விமானத்தை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. மூன்றே முக்கால் மணி நேரம் எவன் உட்காருவான் என்று கடைசி நாளில் நாங்களே சிரித்துக்கொண்டு அதற்குக் கையசைத்தோம். வேறு ஊர் வழியாகவும் கிடையாது, கப்பலும் கிடையாது. ஆக, என் தம்பி இனி ஊர்ப் பக்கம் வர முடியாது.

இதற்குள் ஒரு விசேஷம் வேறு நெருங்கியிருந்தது. என் இளையவள் நறுமுகைக்கு மூன்று வயது. லால்குடிப் பக்கத்துக் குலதெய்வம் கோயிலில் பதினைந்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, காதுகுத்து. பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போட்டாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்களில் காது குத்துவார்கள்.

உண்மையைச் சொன்னால் நிற்பானா? நிற்க மாட்டான். "ஒரு தடவதானக்கா, ஒண்ணும் ஆவாது" என்பான், தேங்காய் பழத்தோடு வந்து படுக்கையில் கிடப்பான். மூன்று நாள் யோசித்தேன். அவன் வராமலிருக்க ஒரே வழி, வர மனசில்லாமல் செய்வது என்று என் புத்தியில் பட்டது. நான்காம் நாள் ஃபோன் போட்டேன்.

"அழகு, காதுகுத்துக்கு நீ வர வேணாம்டா. பெரியப்பா மகன் சந்தானத்தை மடி குடுக்கச் சொல்லியிருக்கோம்."

"ஏன்க்கா? எனக்கு லீவு இருக்கே."

"லீவு இல்லடா. போன தடவ எங்க வீட்டுக்காரர் சொந்தத்துல மாமனா தாத்தாவான்னு கேட்டுட்டாங்க. போட்டோ வீடியோன்னு எல்லாம் எடுப்பாங்க. நல்லா இருக்காது."

அவன் கேட்டான். "அவங்க கேட்டது இருக்கட்டும். உனக்கும் அப்படித்தான் இருக்காக்கா?"

"சங்கடமாத்தான்டா இருக்கு" என்றேன்.

வைத்துவிட்டான். அப்புறம் நான் போட்ட ஃபோன் எதையும் எடுக்கவில்லை. போகட்டும், கோபத்திலாவது உயிரோடு இருக்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

காதுகுத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மஸ்கட்டிலிருந்து ஒரு புது நம்பர் அழைத்தது.

"அக்கா, நான் பாண்டித்துரை பேசுறேன். அண்ணனோட ரூம்ல இருக்கேன். மணப்பாறைக்காரன். அண்ணன் சரியா சாப்பிடறதில்லக்கா, ராவெல்லாம் உக்காந்திருக்கு. ஞாயித்துக்கெழமை காலைல அஞ்சு மணி பிளேனுக்கு டிக்கெட் போட்டிருச்சு. 'தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன், எவன் மடி குடுக்கிறான்னு நேர்ல வந்து பாக்குறேன்'னு சொல்லுது. அங்க வந்து ஏதும் சண்டையாயிடப் போவுது, கொஞ்சம் பாத்துக்குங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். பதினான்கு வருட நர்ஸ், மண்டையில் மூளை இருக்கிறதா எனக்கு? கூப்பிட்டும் வராத தாய்மாமன் எங்கேயாவது இருப்பான். கூப்பிடாமல் விட்டால் கும்பலோடு வந்து பந்தலைப் பிரிக்கிற ஜனம் நாங்கள். இது எனக்குத் தெரியாதா? அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நானே பிடித்துத் தள்ளி ஏற்றிவிட்டிருக்கிறேன். விசேஷத்தைத் தள்ளி வைத்தாலும் தள்ளி வந்து நிற்பான். அவன் இல்லாமல் காதைக் குத்திவிட்டால் நியாயம் கேட்க வருவான்.

அவன் மடியில் இந்தப் பிள்ளை உட்கார்ந்தாக வேண்டும். அவன் மடி அங்கே இருக்கிறது.

அன்று மத்தியானம் சிவக்கொழுந்துவிடம் சொன்னேன். சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்று வயதிலிருந்து பிள்ளைகளை ஏற்றலாம், பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா? பச்சப் புள்ள. போக ஏழு, வர ஏழு. அவ ஆயுசுல ரெண்டு வாரத்தத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?"

எனக்கும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நூறு தடவை அவள் கையை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டேன். பதினான்கு நாளில் என்ன என்ன சொல் கற்றுக்கொள்வாள், என்ன என்ன விளையாடுவாள், அத்தனையும் தூக்கத்தில் போகும். கொடுக்க மனசு வரவே இல்லை. மனசு வராமல் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பதினான்கு நாளுக்கு இப்படித் துடிக்கிறேனே, ஒரு தடவையாவது ஃபோனைக் கையில் எடுக்கும்போது அவனுக்காக இப்படித் துடித்தேனா? அவனும் ஒருத்தி வயிற்றில் பிறந்த பிள்ளைதானே?

"உங்க கால் உடைஞ்சப்ப ஒரே மாசத்துல நாலு தடவ வந்தான்" என்றேன். "அம்பத்தாறு நாள். நாம ரெண்டு பேரும் அன்னைக்கு வேணாம்னு சொன்னமா?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். மூத்தவளையும் கோயிலுக்குச் சொல்லியிருந்த ஆட்களையும் தான் பார்த்துக்கொள்வதாகப் பிறகு சொன்னார்.

சனிக்கிழமை காலையில் நானும் நறுமுகையும் ஏறினோம். பன்னிரண்டு வருடத்தில் அவன் பக்கமாக நான் வைத்த முதல் அடி அது.

எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாது. நெஞ்சில் மாடு முட்டியது போல ஓர் உதை. வாயெல்லாம் கசப்பு. காலை அசைத்தால் அது என் கால் இல்லை. குடலைப் பிடுங்குகிற பசி, ஆனால் கஞ்சியைக் கண்டால் குமட்டல். இதை முடித்துவிட்டா சவரம் செய்துகொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு, என் பிள்ளைகளைத் தோளில் தூக்கி ஆட்டினான்? பக்கத்துப் படுக்கையில் நறுமுகை வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவள் நகத்தை நானே வெட்டிவிட்டேன்.

மஸ்கட்டில் ரூவி என்கிற பகுதியில் அவன் அறை, மூன்றாம் மாடி. பாண்டித்துரை கதவைத் திறந்தான். அழகேசன் கட்டில்மேல் பட்டுப்பாவாடை, ஒரு ஜோடிக் கம்மல், வெற்றிலை பாக்கு எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். சாயம் பூசவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவளைப் பார்த்தான். இஸ்திரிப் பெட்டியை நட்டுக்க வைத்துவிட்டு ஒரு கத்தல்.

"புள்ளைய எதுக்குக்கா ஏத்துன? உனக்கு அறிவிருக்கா? பதினாலு நாள்க்கா! பச்சப் புள்ளயோட பதினாலு நாளு! எவன்டா குடுத்தான் டிக்கெட்டு, அந்தாளு கையெழுத்துப் போட்டானா? போட்டானான்னு கேக்குறேன்!"

அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். நான் அவன் கத்தி முடிக்கும்வரை நின்றேன்.

"நீ பன்னெண்டு வருஷம் ஏறுனியேடா. ஒருத்தராவது என்னைப் பாத்து இப்படிக் கத்தியிருந்தா நான் ஒரு தடவையாவது உன்னைக் கூப்பிடாம இருந்திருப்பேன்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மதுரையிலிருந்து வந்த படம், டாக்டர் சொன்னது, ஃபோனில் நான் சொன்ன பொய். "மூஞ்சியப் பத்திப் பேசுனதுக்கு என்னை மன்னிச்சுரு. நீ ஏறக் கூடாதுடா. ஏறினா எழுந்திரிக்க மாட்ட."

அவன் தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு கவரை எடுத்துக் கொடுத்தான். மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றின் தாள். அதே இதயம், அதே எச்சரிக்கை. தேதியைப் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முந்தையது.

இந்த நான்கு மாதத்தில் பதினோரு முறை வந்திருக்கிறான். மூத்தவள் பள்ளி ஆண்டுவிழா. பக்கத்து வீட்டுக் கிரகப்பிரவேசம். கறிக்குழம்பு வைத்திருக்கிறேன் வாடா என்று நான் கூப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமை.

"தெரிஞ்சேவாடா வந்த?"

"நீ கூப்பிட்டேல்ல" என்றான்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன்தான் பேசினான்.

"கூப்பிட்டப்பல்லாம் வந்துட்டேன். நீ வேணாம்னு சொன்ன அன்னைக்குத்தான்க்கா எனக்கு நெசமாவே பயமாயிடுச்சு. வேணாம்னா அப்புறம் நான் யாரு உனக்கு? அதுக்கு ஏறிப் படுத்துரலாம்னு தோணிச்சு."

"நான் இனிமே கூப்பிட மாட்டேன். நான்தான் வருவேன்."

"நீயும் வராத. பொம்பளப் புள்ள ரெண்ட வெச்சிருக்க, ஒனக்கு ஆயுசு வேணும்." பட்டுப்பாவாடையை எடுத்து மடித்தான். "மூணே முக்கா மணி நேரம் சும்மா உக்காந்து வர்ற மாதிரி ஒரு பிளேன் இருந்தா போதும்க்கா. அதைப் போய் நிறுத்திட்டானுங்களே."

"எழுதிப் போடுவோம். என் ஹால்ல எழுப்பற ஒவ்வொருத்தன்கிட்டயும் கையெழுத்து வாங்குறேன்" என்றேன். கிடைக்குமா என்று தெரியாது. சொல்லாமலிருக்க முடியவில்லை.

பாண்டித்துரை ஓடிப்போய்ப் பக்கத்து நகைக்கடையிலிருந்து கும்பகோணத்துப் பத்தர் ஒருவரைக் கூட்டி வந்தான். வரும்போதே மறுநாள் டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டு வந்திருந்தான். அழகேசன் இஸ்திரி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பட்டுப்பாவாடையில் நறுமுகையைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். சாயமில்லாத அந்தத் தலையை அவள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

பத்தர் வெகு வேகமான ஆள். முதல் காது முடிந்தபிறகுதான் அவளுக்கு வலியே உறைத்தது. அவன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடே அதிர அழுதாள்.

"அழாத தங்கம், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். "மாமா இருக்கேன்ல."

இருந்தான். நான் அதற்காகத்தான் வந்திருந்தேன்.